உப்பு வரி 1931இல் ஒழிந்தது என்று எழுதியவர் கொஞ்சம் இங்கே வரவும்

தேவிபட்டினம் வாத்தியார்:
நேற்று நம் மாவட்டக் குழுவில் ஒரு பதிவு சுற்றியது. “1931 மார்ச் 5ஆம் தேதி காந்தியும் வைசிராய் இர்வினும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள், உப்பு வரி ஒழிந்தது, அன்று முதல் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நம் சனம் இஷ்டத்துக்கு உப்பை அள்ளி விற்றது.” கீழே வரிசையாகக் கைதட்டல். ஏன், எப்படி என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாளைக்குப் பிள்ளைகள் பேச்சுப்போட்டிக்கு இதைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

உப்பு வரி ஒழிந்தது 1947இல். இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் பிப்ரவரி 28 அன்று வைத்த பட்ஜெட்டில். ஆமாம், பிறகு பாகிஸ்தானின் முதல் பிரதமர் ஆனாரே, அவரேதான். 1931 எங்கே, 1947 எங்கே?

ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவை யாராவது படித்தீர்களா? உப்புச் சட்டத்தை மீறியதைப் பொறுத்துக்கொள்ள முடியாது, நாட்டின் இன்றைய நிதி நிலைமையில் சட்டத்தைப் பெரிதாக மாற்றவும் முடியாது என்றுதான் அது ஆரம்பிக்கிறது. சலுகை அதற்கப்புறம்தான் வருகிறது. உப்பு விளைகிற இடத்தை ஒட்டிய கிராமத்துக்காரர்கள் வீட்டுக்கு வேண்டியதை அள்ளிக்கொள்ளலாம், காய்ச்சிக்கொள்ளலாம், அந்தக் கிராமத்துக்குள்ளேயே விற்றும் கொள்ளலாம். வெளியூர்க்காரருக்கு விற்கக் கூடாது. வெளியூர்க்காரரோடு வியாபாரம் கூடாது. இதுவா இஷ்டத்துக்கு விற்றது?

பாம்பன் கருவாட்டுக்கடை:
அந்தப் பதிவைப் போட்டவன் நான்தான் வாத்தியாரே. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். ‘ஒரு பதிவு சுற்றியது’ என்று எதற்கு முக்காடு?

பட்ஜெட்டும் சட்டமும் டெல்லியில். நான் பேசுவது கரையில். 1930இல் ஒரு பிடி உப்பை அள்ளினவன் ஜெயிலுக்குப் போனான். 1931இல் அதே உப்பை அள்ளலாம், விற்கலாம் என்று வைசிராயே கையெழுத்துப் போட்டார். கரையில் இருக்கிறவனுக்கு அது வரி ஒழிந்த மாதிரிதான். நீங்கள் உப்பைப் பொட்டலத்தில் வாங்கிப் பழகியவர், உங்களுக்கு விளங்காது.

இன்னொரு கேள்வி. ஊருக்குள் அள்ளிய உப்பைப் போட்டு மீனை ஊறவைத்து, காயவைத்து, மதுரைக்கு அனுப்பினால் அது உப்பு விற்றதா, கருவாடு விற்றதா? உங்கள் 20ஆம் பிரிவில் கருவாடு என்று எங்கேயாவது இருக்கிறதா?

தேவிபட்டினம் வாத்தியார்:
வந்துவிட்டார். நினைத்தேன், இவராகத்தான் இருக்கும் என்று. தனுஷ்கோடித் திரியில் பதில் சொல்ல முடியாமல் பாதியில் ஓடியவர்.

தம்பி, வியாபாரம் என்றால் வியாபாரம்தான். நெத்திலிக்கு உள்ளே ஏறி உட்கார்ந்து மதுரைக்குப் போனாலும் உப்பு உப்புதான். பிரிவின் நோக்கம் ஏழை வீட்டுக் குழம்புக்கு உப்பு. உங்கள் தாத்தாவின் மொத்த வியாபாரத்துக்கு அல்ல.

பாம்பன் கருவாட்டுக்கடை:
நெத்திலிக்கு எவன் ஐயா உப்புப் போடுகிறான்? நெத்திலியை அப்படியே வலை விரித்து வெயிலில் காயப்போடுவது. கீறி உப்பிடுவது சீலா, பாறை, திருக்கை. கடலோரத்தில் பிறந்து வளர்ந்து இதுகூடத் தெரியாதவர் எங்களுக்கு ஒப்பந்தம் சொல்லிக்கொடுக்கிறார்.

தனுஷ்கோடித் திரியிலிருந்து நான் ஓடவில்லை. என் பதிவை நீக்கச் சொல்லி மட்டுறுத்துநருக்கு யார் எழுதினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

வேதை மைந்தன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உப்பு, உப்பு என்று இவ்வளவு பேசுகிறீர்களே, 1930இல் தமிழ்நாட்டில் உப்பு எடுத்த இடம் எது? ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்பி நடந்தே வந்தது எங்கள் வேதாரண்யத்துக்கு. 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு எடுத்துக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டினார், சனம் அதையும் மீறிச் சோறு போட்டது. ராமநாதபுரம் கரை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

தொண்டிக் கடலாடி:
உங்கள் ஊருக்கு நடந்து வந்தவர்கள் திருச்சியிலிருந்து வந்தார்கள். எங்கள் பக்கத்தில் யாரும் வந்து கூப்பிட வேண்டியிருக்கவில்லை. 1942 ஆகஸ்டில் திருவாடானைச் சிறையை உடைத்துக் காங்கிரஸ் பேச்சாளர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தது எங்கள் சனம். தேவகோட்டையில் கோர்ட்டுக்கே தீ வைத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் என்ன செய்தது என்று கேட்கிற ஆள் கொஞ்சம் தெற்கேயும் படிக்கலாம்.

வேதை மைந்தன்:
நான் கேட்டது 1930. நீங்கள் சொல்வது 1942. பன்னிரண்டு வருஷம் தாமதமாகக் கிளம்பினீர்கள் என்கிறீர்களா?

தேவிபட்டினம் வாத்தியார்:
வேதையார் தனித்திரி தொடங்கட்டும். இங்கே கேள்வி ஒன்றே ஒன்று. ஊருக்கு வெளியே விற்கலாமா, கூடாதா? கூடாது. கருவாட்டுக்கடை அதற்குப் பதில் சொல்லாமல் மீன் ஜாதகம் பார்க்கிறார்.

இந்த ஒப்பந்தத்தை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள்.

1930 ஜனவரி கடைசியில் காந்தி பதினொரு கோரிக்கைகளை வெளியிட்டார். முழு மதுவிலக்கு, நிலவரி பாதியாகக் குறைப்பு, ராணுவச் செலவு பாதியாகக் குறைப்பு, அதிகாரிகள் சம்பளக் குறைப்பு, அரசியல் கைதிகள் விடுதலை, அந்நியத் துணிக்குக் காப்பு வரி, இப்படி. உப்பு வரியை அறவே எடு என்பதும் அதில் ஒன்று. குறை என்று கேட்கவில்லை, எடு என்று கேட்டார். மார்ச் 2 அன்று வைசிராய்க்கு எழுதிய கடிதத்தில் கணக்கே போட்டுக் காட்டினார். உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல், எங்கள் நாட்டுச் சராசரி மனிதனின் நாள் வருமானம் இரண்டணாவுக்கும் கீழ் என்று. மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து நடந்தார், ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பு எடுத்தார். நாடு முழுக்கப் பல்லாயிரம் பேர் ஜெயிலுக்குப் போனார்கள். தாராசனா உப்பளத்தில் மே மாதம் தொண்டர்கள் மண்டை உடைய அடி வாங்கினார்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம் 1931இல் கையில் வந்தது என்ன? வன்முறையில் சேராத கைதிகள் விடுதலை, அவசரச் சட்டங்கள் வாபஸ், அமைதியான மறியலுக்கு அனுமதி. அது சரி. ஆனால் போலீஸ் அட்டூழியத்துக்கு விசாரணை வேண்டும் என்றார், சர்க்கார் மறுத்தது, விட்டுவிட்டார். பறிமுதல் செய்த நிலம் மூன்றாமவர் கைக்குப் போயிருந்தால் போனது போனதுதான். பெஷாவரில் சனத்தின் மேல் சுட மாட்டோம் என்று மறுத்த கார்வாலிச் சிப்பாய்களுக்கு விடுதலை கிடையாது. உப்புக்கு இந்த 20ஆம் பிரிவு. ‘ஏழைகளில் சிலருக்கு நிவாரணம்’ என்று தானம் கொடுக்கிற பாஷையில்.

வரிக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அப்போது ஒரு மணங்குக்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோவுக்கு, 1 ரூபாய் 4 அணா. அதே 1931 செப்டம்பரில் அவசர பட்ஜெட் போட்டு எல்லா வரிக்கும் மேலே கால் பங்கு கூடுதல் வரி போட்டார்கள். உப்பு 1 ரூபாய் 9 அணா ஆனது. ஒப்பந்தம் போட்ட வருஷத்திலேயே வரி ஏறியது! ஒழிந்ததாம்!

கீழக்கரை கப்பல்காரன்:
வாத்தியார் அந்தப் பதினொன்றில் ஒன்றை வசதியாக விட்டுவிட்டார். கடலோரக் கப்பல் போக்குவரத்து இந்தியருக்கே என்று சட்டம் போடச் சொன்னாரே, அது எங்கே? அந்த மசோதா அதற்கு முன்பே மத்திய சட்டசபையில் கிடந்து இழுபட்டது. ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 4 பென்ஸுக்குக் கொண்டுவா என்றும் கேட்டார். கீழக்கரைச் சரக்குக்கும் தொண்டிச் சரக்குக்கும் அதுதான் வாழ்வும் சாவும். உப்பை வைத்துக்கொண்டு ஊரே அடித்துக்கொள்கிறது, கப்பலைப் பற்றி மூச்சு இல்லை. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது கூட நின்றவர் ராமநாதபுரத்துப் பாண்டித்துரைத் தேவர். அந்தக் கம்பெனியை வெள்ளைக்காரன் என்ன பாடு படுத்தினான் என்பது இந்தக் கரைக்குத் தெரியாததா? அந்த வலியிலிருந்து வந்த கோரிக்கை அது. 1931 ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியாவது உண்டா? சொல்லுங்கள்.

தேவிபட்டினம் வாத்தியார்:
காக்கா, நான் ‘இப்படி’ என்று முடித்ததைப் பார்க்கவில்லையா? பதினொன்றையும் எழுதினால் நீங்களே படிக்க மாட்டீர்கள். கப்பல் தனி விஷயம். இங்கே கேள்வி விற்கலாமா கூடாதா.

கீழக்கரை கப்பல்காரன்:
எங்கள் கேள்வி என்றால் தனி விஷயம். உங்கள் கேள்வி என்றால் நாட்டு விஷயம். சரி.

பாம்பன் கருவாட்டுக்கடை:
செப்டம்பரில் வரி ஏறியது என்று பெரிதாகச் சொல்கிறீர்கள். ஏறினால் யாருக்கு ஏறியது? கடையில் வாங்குகிறவனுக்கு. கரையில் தானே அள்ளுகிறவனுக்கு 1 ரூபாய் 4 அணாவும் கிடையாது, 9 அணாவும் கிடையாது. நான் சொன்னதைத்தான் நீங்கள் புள்ளிவிவரம் போட்டு நிரூபித்திருக்கிறீர்கள். நன்றி.

எங்கள் அப்பத்தா கதை சொல்கிறேன், கேளுங்கள். தங்கச்சிமடத்திலிருந்து சந்தைக்குப் போகும்போது பனையோலைக் கடகத்தின் அடியில் ஒரு படி உப்பு. அதன் மேல் இரண்டு ஓலை. ஓலைக்கு மேல் நெத்திலி. கடகத்தைத் தலையில் வைத்தால் உப்பு கசிந்து நெற்றியில் இறங்கும், அதைத் துடைக்காமலே நடப்பார்களாம். துடைத்தால் உப்புக்காரச் சேவகனுக்குச் சந்தேகம் வரும் என்று. அந்த வயசில் அந்த அம்மாவுக்கு 20ஆம் பிரிவு தெரியாது. உப்பு எங்களுடையது என்று தெரியும். அது போதும்.

தேவிபட்டினம் வாத்தியார்:
அருமை. நெத்திலிக்கு உப்பே போடுவதில்லை என்று கொஞ்சம் முன்னால் எனக்குப் பாடம் எடுத்தது யார்? அப்படியானால் நெத்திலிக் கடகத்தின் அடியில் உப்பு எதற்கு? விற்கத்தானே? எங்கே? ஊருக்கு வெளியே சந்தையில். ஏன் ஒளித்துவைத்தார்கள்? விற்கக் கூடாது என்பதால். தம்பி, என் கட்சிக்குச் சாட்சி சொல்ல உங்கள் அப்பத்தாவையே கூட்டிவந்திருக்கிறீர்கள்.

பாம்பன் கருவாட்டுக்கடை:
செத்துப்போன மனுஷியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே, வெட்கமாக இல்லை? அது 1931க்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டீர்களா? கேட்காமலே தீர்ப்பா?

தேவிபட்டினம் வாத்தியார்:
கேட்கிறேன். முன்னாலா, பின்னாலா?

பாம்பன் கருவாட்டுக்கடை:
உங்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

தொண்டிக் கடலாடி:
😀😀😀

சாயல்குடி செல்வி:
இரண்டு பேரும் தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அம்மா, சித்தி எல்லோரும் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். பாத்தியில் இறங்கி வாரி, தட்டுமேட்டில் அம்பாரம் போடுகிற வேலை. காலில் ஒரு கீறல் இருந்தால் அன்றைக்கு முழுக்க எரியும். கண்ணுக்கு வெள்ளை வெயில். 1974இல் அரசு உப்புக் கழகம் வந்த பிறகு மாரியூர், வாலிநோக்கம் பக்கம் வேலை கிடைத்தது உண்மை. மழைக்காலத்தில் பாத்தி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேலை இல்லை என்பதும் உண்மை. நிவாரணம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு விற்கலாமா கூடாதா என்று அடித்துக்கொள்கிற நீங்கள், இன்று அந்த உப்பை வாருகிறவளுக்கு என்ன கூலி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தேவிபட்டினம் வாத்தியார்:
செல்வி, நீங்கள் சொல்வது முக்கியமான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அது 1931 அல்ல.

சாயல்குடி செல்வி:
சரிங்க சார். எங்கள் கால் எப்போதுமே 1931 அல்லதான்.

பாம்பன் கருவாட்டுக்கடை:
செல்வி, நன்றாகக் கொடுத்தாய் தாயி.

வாத்தியார் யார்டு கதையைப் பேசாமல் தாண்டுகிறார் பாருங்கள். அதை நான் சொல்கிறேன். சர்க்கார் மீன் உப்பிடும் யார்டு வைத்திருந்தது. வரியில்லாத உப்பு கொடுப்பார்கள். ஆனால் மீனை அந்த வேலிக்குள் கொண்டுபோய், உப்பு இலாகா ஆள் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே உப்பிட வேண்டும். ஒரு பிடிகூட வெளியே எடுத்துவரக் கூடாது. 1931க்கு அப்புறம் வேலி வேண்டாம், வீட்டு வாசலிலேயே உப்பிடலாம். இது ஒழிப்பு இல்லாமல் வேறென்ன?

தேவிபட்டினம் வாத்தியார்:
ஆகா, மாட்டிக்கொண்டார். யார்டும் வரியில்லா உப்பும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தவை. அப்படியென்றால் கருவாட்டுக்கு வரியில்லாத உப்பு காந்தி பிறந்து வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே இருந்தது. 1931க்கும் கருவாட்டுக்கும் சம்பந்தமே இல்லை! 20ஆம் பிரிவு பேசுவது வீட்டு உப்பு. வீட்டு உப்பைப் போட்டுக் கருவாடு செய்து வெளியூரில் விற்றால் அது வெளியூர் வியாபாரம். எத்தனை தடவை சொல்வது?

பாம்பன் கருவாட்டுக்கடை:
கருவாட்டை விற்றேன் ஐயா. உப்பை விற்கவில்லை. எத்தனை தடவை சொல்வது?

வேதை மைந்தன்:
எங்கள் ஊரில் இந்தக் குழப்பமே இல்லை. உப்பை உப்பாகவே எடுத்தோம்.

தொண்டிக் கடலாடி:
எடுத்தது திருச்சிக்காரர்கள் என்று திரும்பவும் நினைவூட்டுகிறேன்.

வேதை மைந்தன்:
சோறு போட்டது யார்? சர்தார் வேதரத்தினம் பிள்ளை எந்த ஊர்? பேச்சுக்கு ஓர் அளவு வேண்டும்.

மட்டுறுத்துநர்:
நண்பர்களே, தலைப்பு 1931 ஒப்பந்தம். ஊர்ப்பெருமை, மறைந்த உறவினர்கள், கருவாட்டு வகைகள் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

பாம்பன் கருவாட்டுக்கடை:
கருவாட்டைத் தவிர்த்தால் நான் என்ன பேசுவது? மட்டுறுத்துநர் யார் பக்கம் என்று புரிகிறது.

தொண்டிக் கடலாடி:
ஒப்பந்தம் என்றால் பகத் சிங்கைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே? மார்ச் 5 கையெழுத்து, மார்ச் 23 தூக்கு. அந்த மாதக் கடைசியில் கராச்சி காங்கிரசுக்குப் போன காந்திக்கு இளைஞர்கள் கறுப்புக் கொடி காட்டினார்கள். நாடே அழுதுகொண்டிருந்த நேரத்தில் சீலாவுக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்பதா பிரச்சனை?

தேவிபட்டினம் வாத்தியார்:
பகத் சிங் வேறு பெரிய விஷயம். கைதிகள் விடுதலைப் பிரிவில் வன்முறை வழக்குகள் சேரவில்லை, அவ்வளவுதான் இங்கே சொல்ல முடியும். அதை வைத்து இந்தத் திரியைத் திசைதிருப்ப விட மாட்டேன்.

பாம்பன் கருவாட்டுக்கடை:
நான் கேட்கிறேன். தாளில் எழுதியிருந்தால் கடலில் நடந்துவிடுமா? 1974 கச்சத்தீவு ஒப்பந்தம் ஐந்தாம் பிரிவு என்ன சொல்கிறது? இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குப் போய்வரலாம், பயண ஆவணமோ விசாவோ கேட்கக் கூடாது என்று. ராமேசுவரம் ஜெட்டியில் நின்று இதை வாசித்துக் காட்டிப் பாருங்கள், என்ன சொல்வார்கள் என்று தெரியும். அங்கே தாளில் இருப்பது கரையில் இல்லை. 1931இல் தாளில் ‘வெளியே விற்காதே’ என்று இருந்ததும் அப்படித்தான், கரையில் செல்லுபடி ஆகியிருக்காது. ஒப்பந்தத்தைத் தாளில் படிக்கிறவர் வேறு, அலையில் படிக்கிறவன் வேறு.

தேவிபட்டினம் வாத்தியார்:
‘ஆகியிருக்காது.’ பார்த்தீர்களா? ஆதாரம் இல்லாத இடத்தில் ‘ஆகியிருக்காது’. தாளில் கொடுத்த உரிமையைப் பறித்தது கச்சத்தீவு. தாளில் கொடுக்காத உரிமையை எடுத்துக்கொண்டதாக நீங்கள் சொல்வது உப்பு. இரண்டும் எப்படி ஒன்றாகும்? மீனவர் வயிற்றெரிச்சலை எடுத்து உங்கள் தப்பான பதிவுக்கு முட்டுக் கொடுக்காதீர்கள்.

பாம்பன் கருவாட்டுக்கடை:
மீனவர் வயிற்றெரிச்சலைப் பற்றிப் பேச எனக்கு உங்கள் அனுமதி வேண்டுமா? என் தம்பியின் படகு அக்கரையில் பிடிபட்டு இன்னும் வரவில்லை. நீங்கள் கடைசியாகக் கடலில் கால் நனைத்தது எப்போது? நவபாஷாணக் கோயிலுக்கு வெளியூர் விருந்தாளியைக் கூட்டிப் போனபோதா?

தேவிபட்டினம் வாத்தியார்:
படகு விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். அதற்கும் 20ஆம் பிரிவுக்கும் சம்பந்தம் இல்லை. இங்கே இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவர் பேசப் பேசப் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள்.

அள்ளலாம், வீட்டுக்கு. ஒப்புக்கொள்கிறேன், முதல் பதிவிலேயே எழுதினேன். விற்கலாம், ஊருக்குள். அதையும் எழுதினேன். வெளியே விற்கக் கூடாது. இந்த மூன்றாவதை அவர் பதிவு மறைத்தது. அதுவும் தற்செயலாக அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கியதிலிருந்து சர்க்காரின் வருமானம் எதில் இருந்தது? வெளியூருக்குப் போகிற உப்பில். கரையில் இருப்பவன் தன் குழம்புக்கு அள்ளுவதில் சர்க்காருக்கு நஷ்டம் கால் காசு. உள்நாட்டுக்குப் போகிற உப்பில் கை வைக்கவே விடவில்லை. பஞ்சப்பட்ட முதுகுளத்தூர்க்காரனும் கமுதிக்காரனும் 1 ரூபாய் 9 அணா வரி கட்டிய உப்பைத்தான் தின்றான். அவன் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன் இல்லையா? கரைக்காரனுக்குக் கிடைத்ததும் ‘நம் சனத்துக்குக் கிடைத்தது’ என்று எழுதுவதில்தான் எனக்குக் கோபம்.

சாயல்குடி செல்வி:
இது நியாயமான பேச்சு சார். எங்கள் அம்மா வழி கமுதி. இதை முதலிலேயே இப்படி எழுதியிருக்கலாம்.

பாம்பன் கருவாட்டுக்கடை:
ஓ, இப்போது கரைக்காரன் வேறு, உள்நாட்டுக்காரன் வேறு என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டாரா? முதுகுளத்தூருக்கும் கமுதிக்கும் கருவாடு எங்கிருந்து போயிற்று? வானத்திலிருந்து விழுந்ததா? அந்தக் கருவாட்டில் இருந்தது எந்த உப்பு? குழம்பில் கருவாட்டைப் போட்டால் தனியாக உப்பு எதற்கு? வரி கட்டாத உப்பு வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் தொடக்கத்திலிருந்து சொல்வது இதுதான்.

தேவிபட்டினம் வாத்தியார்:
ஆக, உப்புத்தான் போயிற்று என்று ஒப்புக்கொள்கிறீர்கள். கருவாடு வெறும் சட்டை. கொஞ்ச நேரம் முன்னால் ‘உப்பை விற்கவில்லை, கருவாட்டை விற்றேன்’ என்றவர் எங்கே போனார்?

பாம்பன் கருவாட்டுக்கடை:
விற்றது கருவாடு. போனது உப்பு. இரண்டும் உண்மை. சட்டத்துக்குக் கருவாடு, சாப்பாட்டுக்கு உப்பு. நாற்பது வருஷம் பாடம் நடத்தியவருக்கு இது ஏறவில்லை என்றால் நான் என்ன செய்ய?

தேவிபட்டினம் வாத்தியார்:
என் சர்வீஸைப் பற்றிப் பேசாதே. மரியாதை.

கீழக்கரை கப்பல்காரன்:
‘பேசாதே’ வந்துவிட்டது. அடுத்தது ‘போடா’தான். ஏனய்யா இரண்டு பேரும் இப்படி? ஒருவர் கடையைச் சாத்திவிட்டு வந்து தட்டச்சு செய்கிறார், இன்னொருவர் மாத்திரை போடக்கூட எழுந்திருக்காமல் தட்டச்சு செய்கிறார்.

வேதை மைந்தன்:
எங்கள் ஊர் நினைவுத்தூணுக்கு வாருங்கள் இருவரும். பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சாப்பாடு நான் போடுகிறேன், கலெக்டர் தடுத்தாலும்.

தொண்டிக் கடலாடி:
போனால் ‘எங்கள் ஊர்’ என்று மூன்று மணி நேரம் கேட்க வேண்டும். திருவாடானைக்கு வாருங்கள், ஜெயிலைக் காட்டுகிறேன்.

தேவிபட்டினம் வாத்தியார்:
நான் எங்கேயும் வரவில்லை. அந்தப் பதிவு இன்னும் குழுவில் அப்படியே இருக்கிறது. இன்று காலை ஒரு தலைமையாசிரியர் அதைத் தன் பள்ளிக் குழுவுக்கே அனுப்பியிருக்கிறார். ‘உப்பு வரி ஒழிந்தது’ என்ற இடத்தில் ‘கடற்கரைக் கிராமங்களுக்கு மட்டும் வீட்டு உபயோகத்துக்குச் சலுகை, வெளியூரில் விற்கத் தடை, வரி 1947 வரை தொடர்ந்தது’ என்று திருத்தினால் நான் இங்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். திருத்துவாரா?

பாம்பன் கருவாட்டுக்கடை:
திருத்த மாட்டேன். வேண்டுமானால் ‘கருவாட்டுக்குத் தடை இல்லை’ என்று கீழே ஒரு வரி சேர்க்கிறேன்.

தேவிபட்டினம் வாத்தியார்:
சேர்த்துத்தான் பாரும். வெளியூர் வியாபாரம் வெளியூர் வியாபாரம்தான். 20ஆம் பிரிவு முழுவதையும் ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதி, தனித்திரியாக நாளைக்குப் போடுகிறேன். எல்லோரும் அங்கே வாருங்கள்.

பாம்பன் கருவாட்டுக்கடை:
வருவேன். சீலாக் கருவாட்டின் படத்தோடு வருவேன்.

மட்டுறுத்துநர்:
இரவு 10 மணிக்கு இந்தத் திரி பூட்டப்படும்.

கீழக்கரை கப்பல்காரன்:
பூட்டுவதற்கு முன்னால் ஒன்று. ஒப்பந்தத்தில் கப்பலைப் பற்றி ஒரு வரியாவது உண்டா இல்லையா என்று மதியமே கேட்டேன். பதில் சொல்லத் தெரிந்த ஆள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?